தொகையீட்டு விடைக்கு உத்தரவாதம் உண்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொரிஷியஸின் ரோஸ்ஹில்லில் சனிக்கிழமை காலை தமிழ் வகுப்பு, மதியம் அதே அறையில் எச்எஸ்சி (பள்ளி இறுதித் தேர்வு) கணக்கு டியூஷன். இரண்டுக்கும் நான்தான். பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்ட பழைய மாணவர்களும் சில சமயம் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். தொகையீட்டை, அதாவது வளைவுக்குக் கீழுள்ள பரப்பை, கணினியில் போடுவது பற்றி வருஷா வருஷம் ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. கிரியோலும் தமிழும் கலந்து கேட்டதை இங்கே தமிழாக்கி எழுதியிருக்கிறேன். கேட்டவர்களின் தொனியை மட்டும் மாற்றவில்லை.

மாறியை 'ய' என்று எழுதுகிறேன். ரூபாய் நோட்டிலேயே தமிழ் அச்சாகும் நாட்டில் மாறிக்கு மட்டும் ஏன் வேற்றெழுத்து?

மிஸ், கால்குலேட்டர்ல தட்டினா தொகையீட்டுக்கு விடை வந்துடுதே. அதுக்கு மேல என்ன வேணும்?

வரும் பத்து இலக்கங்களில் எத்தனை மெய் என்று அது சொல்வதில்லை. பெரும்பாலும் எல்லாமே சரியாக இருக்கும். நமக்குத் தெரிய வேண்டியது அந்தப் 'பெரும்பாலும்' எப்போது பொய்க்கும் என்பது.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்துக் கணிதர் சீக்ஃப்ரீட் ரும்ப் காட்டும் ஓர் உதாரணம்: சைன்(ய + ஈ^ய), 0 முதல் 8 வரை. ஈ என்பது 2.718… என்று போகும் அந்த எண். வரைந்து பார்த்தால் சாதுவாகத் தொடங்கி, வலப்பக்கம் போகப் போக வெறிபிடித்ததுபோல் ஆடும். 8-ஐத் தொடுவதற்குள் சுமார் 475 முறை ஏறி இறங்கிவிடும். உண்மை விடை 0.3474… பலரும் நம்பிப் பயன்படுத்திய ஒரு நிரல் எந்த எச்சரிக்கையும் தராமல் முதல் தசம இடத்திலேயே தப்பு செய்தது. அதன் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அதுதான் சிக்கல். இதற்கு மருந்து, ஒற்றை எண்களுக்குப் பதில் இடைவெளிகளை வைத்துக் கணக்கிடுவது.

இடைவெளின்னா என்ன? ஒரு எண்ணுக்குப் பதில் ரெண்டு எண்ணா?

ஆமாம். [2, 3] என்று எழுதினால் "எண் 2-க்குக் குறையாது, 3-ஐத் தாண்டாது, மற்றபடி எனக்குத் தெரியாது" என்று பொருள். சந்தையில் தக்காளி கிலோ 80 முதல் 100 ரூபாய், உனக்கு 2 முதல் 3 கிலோ வேண்டும் என்றால் 160 முதல் 300 ரூபாய் எடுத்துக்கொண்டு போவாய். அங்கேயே இடைவெளிப் பெருக்கல் செய்துவிட்டாய்.

கூட்டலில் இடது முனையோடு இடது முனை, வலது முனையோடு வலது முனை. கழித்தலில் குறுக்காக: [5, 6] − [1, 3] = [2, 5]. பெருக்கலில் குறை எண் வரலாம் என்பதால் நான்கு பெருக்கத்தையும் போட்டு, மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் எடுக்க வேண்டும். வகுத்தலில், வகுக்கும் இடைவெளிக்குள் 0 இருக்கக் கூடாது.

சார்புக்கும் இதே கதைதான். 'ய' இருந்த இடத்தில் ஓர் இடைவெளியைப் போட்டுக் கணக்கிட்டால் வரும் இடைவெளிக்குள் சார்பின் எல்லா மதிப்புகளும் அடங்கியே தீரும். தேவையைவிட அகலமாக வரலாம். ஒரு மதிப்பைக்கூடத் தவறவிடாது. இனிமேல் வருவது எல்லாம் இந்த ஒன்றை நம்பித்தான் நிற்கிறது.

எச்எஸ்சியில சரிவக விதி போட்டு "இது மேல் மதிப்பீடா, கீழ் மதிப்பீடா"ன்னு எழுதுறோமே. அதுவும் இதுதானே?

அதன் அண்ணன் இது. சரிவக விதியில் பரப்பைச் சரிவகங்களாக வெட்டிக் கூட்டுகிறோம். அங்கே வளைவு எந்தப் பக்கம் குழிகிறது என்று பார்த்து ஒரு பக்க எல்லை மட்டும் சொல்கிறீர்கள். இங்கே இரண்டு பக்கமும் வேண்டும், எவ்வளவு தூரம் என்றும் வேண்டும்.

4 / (1 + ய²) என்பதை 0 முதல் 1 வரை தொகையிட்டால் பை (π) வரும். நான்கு துண்டாக வெட்டு. 0, 0.25, 0.5, 0.75, 1 ஆகிய இடங்களில் மதிப்புகள் 4, 3.7647, 3.2, 2.56, 2. சார்பு இறங்கிக்கொண்டே போவதால் முதல் துண்டில் அதன் இடைவெளி [3.7647, 4], அடுத்ததில் [3.2, 3.7647]… ஒவ்வொன்றையும் அகலம் 0.25-ஆல் பெருக்கிக் கூட்டினால் [2.8811, 3.3812]. பை இதற்குள் இருக்கிறது என்பது இப்போது நிரூபணம். உபயோகமில்லாத நிரூபணம்தான், ஆனாலும் நிரூபணம்.

அப்ப துண்டை நிறைய வெட்டினா முடிஞ்சுதே. கம்ப்யூட்டருக்கு என்ன கஷ்டம்?

முனைகளை நான்கு தசம இடத்துக்குச் சுருக்காமல் பார்த்தால், மேலே கிடைத்த இடைவெளியின் அகலம் சரியாக 0.5. துண்டுகள் 1000 என்றால் அகலம் 0.002. அதாவது 2-ஐத் துண்டு எண்ணிக்கையால் வகுத்தது. பத்து தசம இடம் வேண்டுமென்றால் 2000 கோடி துண்டு வெட்ட வேண்டும். இவ்வளவு எளிய சார்புக்கு இது அநியாயம்.

வகைக்கெழுவை (சார்பு எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதை) உள்ளே கொண்டுவந்தால் நிலைமை மாறும். சரிவக விதியின் பிழைச் சூத்திரம் பாடப் புத்தகங்களிலேயே இருக்கிறது: உண்மை விடை = சரிவக விடை − (நீளம் × துண்டகலத்தின் வர்க்கம் ÷ 12) × இரண்டாம் வகைக்கெழு. நம் சார்புக்கு அந்த வகைக்கெழு 0 முதல் 1 வரை [−8, 2]-க்குள் இருக்கும். அதே ஐந்து மதிப்புகளில் சரிவக விடை 3.13117… சூத்திரத்தில் வகைக்கெழு இருக்கும் இடத்தில் இந்த இடைவெளியைப் போட்டால் [3.1207, 3.1729]. அகலம் பத்தில் ஒரு பங்காகிவிட்டது.

இன்னும் கஞ்சத்தனமாகவும் செய்யலாம். வகைக்கெழுவின் இடைவெளியை மொத்தத்துக்கும் ஒன்றாக எடுக்காமல் ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியே எடுத்தால் [3.1350, 3.1482] வரும். அதே ஐந்து மதிப்புகள், புதிதாக ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். கரும்பலகையில் ஒருமுறையாவது கையால் போட்டுப் பாருங்கள்.

அந்தச் சூத்திரத்துல இரண்டாம் வகைக்கெழுவை "ஏதோ ஒரு புள்ளியில்"னு போட்டிருக்கு மிஸ். அந்தப் புள்ளி எங்கன்னு தெரியாதே?

தெரிய வேண்டியதில்லை. புத்தகத்தில் அந்த வரியைப் படித்துவிட்டு, "அப்படியானால் இது எதற்கும் உதவாது" என்று நானும் பல வருடம் நினைத்திருந்தேன். புள்ளி எங்கே இருந்தாலும் அது துண்டுக்குள்தான் இருக்கிறது. துண்டு முழுவதையும் ஓர் இடைவெளியாக வகைக்கெழுவுக்குள் போடு. வரும் இடைவெளிக்குள் அந்தத் தெரியாத புள்ளியின் மதிப்பும் அகப்பட்டுவிடும். பிழைச் சூத்திரங்களுக்கும் இடைவெளிகளுக்கும் உள்ள பொருத்தம் இதுதான்.

சரிவகத்தின் நேர்கோட்டுக்குப் பதில் பரவளையத்தை வைக்கும் சிம்ப்சன் விதிக்கும் இதையே செய்யலாம், அங்கே நான்காம் வகைக்கெழு. நம் சார்புக்கு அது [−40.5, 96]. அதே ஐந்து மதிப்புகளில் சிம்ப்சன் விடை 3.14156…, உத்தரவாத இடைவெளி [3.1394, 3.1425]. இப்போது 22/7 எவ்வளவு என்று பாருங்கள்: 3.142857… அது வெளியே நிற்கிறது! பை 22/7 அல்ல என்பதை ஐந்து மதிப்புகளை வைத்து நிரூபித்துவிட்டோம். ஆரம்பப் பள்ளியிலிருந்து 22/7 என்றே எழுதிவந்த பிள்ளைகளிடம் இதைக் காட்டும்போது வகுப்பு ஒரு நிமிஷம் அமைதியாகும்.

நான்காம் வகைக்கெழுவை எல்லாம் கையாலயா எடுக்கணும்?

வேண்டாம். தானியங்கி வகையிடல் என்று ஒரு முறை உண்டு. நிரல் செய்யும் ஒவ்வொரு கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் கூடவே வகைக்கெழு விதியையும் செயல்படுத்திக்கொண்டே போகும். குறியீட்டுச் சூத்திரமும் கிடையாது, சிறு வித்தியாசத்தால் வகுக்கும் தோராயமும் கிடையாது. எண்களுக்குப் பதில் இடைவெளிகளை ஓடவிட்டால் வகைக்கெழுவின் இடைவெளியே கிடைத்துவிடும்.

நான் போட்டுப் பார்த்தேன். இரண்டாம் வகைக்கெழு [−8, 16]னு வருது, நீங்க [−8, 2]ன்னு சொன்னீங்க. யார் தப்பு?

ரெண்டு பேருமே சரி. இரண்டாம் வகைக்கெழு 8(3ய² − 1) / (1 + ய²)³. இதில் ய-க்கு [0, 1] போட்டால் மேலே [−8, 16], கீழே [1, 8]; வகுத்தால் [−8, 16]. மேலே ய = 1 என்றும் கீழே ய = 0 என்றும் ஒரே நேரத்தில் எடுத்ததால்தான் அந்த 16 வந்தது. ஒரே ஆளின் பெயர் இரண்டு இடத்தில் இருந்தால் இரண்டு ஆளாக எண்ணிவிடும் வாக்காளர் பட்டியல் மாதிரி, 'ய' இரண்டு முறை வந்தால் இரண்டும் ஒன்றுதான் என்பதை இடைவெளிக் கணக்கு மறந்துவிடும். [0, 1]-இலிருந்து அதையே கழித்தால் 0 வராமல் [−1, 1] வருவதும் இதனால்தான்.

மருந்து எளிது: வெட்டு. [0, 0.5]-இல் போட்டால் [−8, −1.024], இது துல்லியமான விடையே. [0.5, 1]-இல் [−1.024, 8.192]. மொத்தத்தில் 16 போய் 8.192 ஆனது. நான்கு துண்டாக்கினால் 4.2-க்குக் கீழே வந்துவிடும். நல்ல நிரல்கள் எல்லா இடத்திலும் ஒரே அளவில் வெட்டுவதில்லை. எந்தத் துண்டின் இடைவெளி அதிகம் வீங்கியிருக்கிறதோ அதை மட்டும் மறுபடி இரண்டாக்கும். சூத்திரத்தை மாற்றி எழுதி 'ய' வரும் இடங்களைக் குறைப்பதும் உதவும், ஆனால் அது கைப்பழக்கம். எல்லாச் சார்புக்கும் வாய்க்காது.

கம்ப்யூட்டர் 0.1-ஐயே சரியா வைக்காதாமே. அப்புறம் எப்படி நிரூபணம்?

நியாயமான கேள்வி. கணினி பயன்படுத்தும், 0, 1 மட்டுமே உள்ள இரண்டடிமான எண்முறையில் 0.1 முடிவில்லாமல் நீளும். எங்காவது வெட்டித்தான் ஆக வேண்டும். 1991 பிப்ரவரியில் சவூதியின் தஹ்ரானில் அமெரிக்கப் பேட்ரியட் ஏவுகணைக் காப்பு அமைப்பு கோட்டைவிட்டதற்கு இந்த 0.1 தான் காரணம். நூறு மணி நேரம் ஓடியதில் கடிகாரம் சுமார் 0.34 வினாடி விலகிப்போனது. 28 வீரர்கள் இறந்தார்கள்.

இடைவெளிக் கணக்கில் இப்படி வெட்டிச் சுருக்கும் முழுதாக்கலைத் தடுப்பதில்லை, திசையைக் கட்டுப்படுத்துகிறோம். இடது முனையை எப்போதும் கீழ்நோக்கி, வலது முனையை எப்போதும் மேல்நோக்கி. நான்கு இலக்கக் கணினியில் மூன்றில் ஒன்று என்பது [0.3333, 0.3334]. கணினி தசம எண்களைக் கையாளும் விதத்துக்காக 1985-இல் வந்த ஐஇஇஇ 754 தரநிலை இப்படித் திசை தேர்ந்தெடுக்கும் வசதியைக் கட்டாயமாக்கியது, அதனால் இன்றைய கணினிகளில் அது இருக்கிறது. சி மொழியில் நீங்களே எழுதப்போகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை: வேகத்துக்காகத் தொகுப்பி (நிரலைக் கணினிக் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) வரிகளை இடம் மாற்றும்போது திசைமாற்றக் கட்டளையைத் தாண்டிக்கூடக் கொண்டுபோய் வைத்துவிடும். முதல் தடவை எழுதுபவர்கள் ஆயத்த நூலகத்தையே எடுத்துக்கொள்வது நல்லது.

பைத்தான்ல சைபைங்கிற கணக்கு நூலகம் தொகையீட்டு விடையோட "பிழை"ன்னு இன்னொரு எண்ணும் தருதே. அது உத்தரவாதம் இல்லையா?

இல்லை. அது ஊகம், நல்ல ஊகம். ஒரே துண்டில் இரண்டு விதிகளைப் போட்டு, இரண்டு விடைக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து பிழையை மதிப்பிடுகிறது. இரண்டும் ஒத்துப்போனால் திருப்திப்படும். இரண்டு விதியும் பார்க்காத இடத்தில் ஓர் ஒல்லியான முகடு இருந்தால், இரண்டும் ஒரே குரலில் தப்பு சொல்லும்.

புள்ளிகளில் மட்டும் பார்க்கிற எந்த முறைக்கும் இந்தக் குருட்டுப்புள்ளி உண்டு. இடைவெளி முறை துண்டு முழுவதையும் ஒரே விழுங்காக விழுங்குவதால் முகடு ஒளிய இடம் கிடையாது. முதல் கேள்வியில் சொன்ன ரும்பின் சார்பைக் கொடுத்தால், வெட்டு போதாத வரைக்கும் அகலமான இடைவெளியைத்தான் காட்டும். "தெரியவில்லை" என்று ஒப்புக்கொள்ளும், பொய் சொல்லாது. அதற்காக எல்லாக் கணக்குக்கும் உத்தரவாதம் தேடி அலைய வேண்டாம். வீட்டுப்பாடத்துக்குச் சைபை போதும்.

எனக்கு வந்த இடைவெளி ரொம்ப அகலம். அப்ப நிரல் தப்புன்னு எடுத்துக்கலாமா?

அகலம் தப்பைக் காட்டாது, சோம்பலைக் காட்டும். மேலே சிம்ப்சன் விடையின் உண்மைப் பிழை சுமார் 0.000024, உத்தரவாதம் சொன்னதோ 0.002 வரை இருக்கலாம் என்று. எண்பது மடங்குக்கு மேல் பயந்த கணிப்பு, ஆனாலும் சரியான கணிப்பு. உண்மை விடை இடைவெளிக்கு வெளியே போனால்தான் தப்பு.

ரூட் (வர்க்கமூலம்) மாதிரி 0-இல வகைக்கெழு வெடிக்கிற சார்புக்கு என்ன செய்றது? மட்டு (குறைக்குறியை நீக்கும் சார்பு) மாதிரி கூர்முனை இருந்தா? முடிவிலி வரைக்கும் போனா?

பிழைச் சூத்திரம் எந்த நிபந்தனையில் உண்மையோ அந்த நிபந்தனை இருக்கும் இடத்தில் மட்டும் அதைப் பயன்படுத்து. மற்ற இடத்தில், சார்பின் இடைவெளியைத் துண்டின் அகலத்தால் பெருக்கும் பழைய முரட்டு முறைக்கே திரும்பு. ரூட்(ய)-ஐ 0 முதல் 1 வரை தொகையிடும்போது முதல் துண்டாக [0, 0.0001]-ஐ வெட்டு. அங்கே சார்பு [0, 0.01]-க்குள், எனவே அதன் பங்கு [0, 0.000001]. அவ்வளவுதான், மீதி சாதாரணம். மட்டுச் சார்பின் முனை விழும் துண்டுக்கும் இதே வைத்தியம்.

சார்பே வெடித்தால், உதாரணமாகக் காஸ்(ய) / ரூட்(ய), முரட்டு முறையும் முடிவிலியைத்தான் தரும். அங்கே கொஞ்சம் மூளை வேண்டும்: 0-க்கு அருகில் இது 1 / ரூட்(ய)-ஐத் தாண்டாது, அதன் தொகையீடு நமக்குக் கையாலேயே தெரியும். வால்பகுதிக்கும் அப்படியே. ஈ^(−ய²)-இல் 6-க்கு அப்பால் முடிவிலி வரை உள்ள பரப்பு ஈ^(−36) ÷ 12-ஐ விடக் குறைவு, அதாவது தசமப் புள்ளிக்குப் பின் 16 பூஜ்யம் வந்த பிறகுதான் முதல் இலக்கமே. அந்தச் சின்ன இடைவெளியைச் சேர்த்துவிட்டு 0 முதல் 6 வரை மட்டும் கணக்கிடலாம்.

தங்கச்சி, என்கிட்ட சூத்திரமே கிடையாது. ஆத்துல மணிக்கு ஒரு தரம் எடுத்த நீரோட்ட அளவு மட்டும்தான் இருக்கு. எவ்வளவு தண்ணி ஓடுச்சுன்னு உத்தரவாதமா சொல்லுவியா?

அண்ணே, அளவுகளை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இரண்டு அளவுக்கு நடுவில் என்ன நடந்தது என்று யாருக்குத் தெரியும்? 2013 மார்ச் 30-இல் போர் லூயியில் இரண்டு மணி நேரத்துக்குள் 150 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டி 11 பேர் உயிரைக் கொண்டுபோனதே. நம் ஊர் ஆறுகள் குட்டையானவை, மழை விட்டதும் வடிந்துவிடும். மணிக்கு ஒருமுறை பார்ப்பவருக்கு அதன் உச்சம் தெரியாமலே போகலாம்.

இன்னொரு தகவலும் சேர்த்துத் தந்தால் முடியும்: ஓட்டம் ஒரு மணி நேரத்தில் அதிகபட்சம் எவ்வளவு மாறும்? இரண்டு அளவும் வினாடிக்கு 10 கன மீட்டர், மணிக்கு 8-க்கு மேல் மாறாது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் அது 14 வரை ஏறி இறங்கியிருக்கலாம், 6 வரை இறங்கி ஏறியிருக்கலாம். சராசரி [8, 12]. கருவியின் பிழை 0.5 என்றால் [7.5, 12.5]. அந்த ஒரு மணி நேரத்தில் 27,000 முதல் 45,000 கன மீட்டர் வரை. அகலம்தான். ஆனால் 36,000 என்று ஒற்றை எண்ணை எழுதிக் கையெழுத்துப் போடுவதற்கு இது தேவலை. அந்த 8 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். கணிதம் அதற்குப் பொறுப்பேற்காது.

இதை நிஜமாவே யாராவது பயன்படுத்துறாங்களா, இல்ல பரீட்சைக்கு வராத இன்னொரு பாடமா?

பரீட்சைக்கு வராது. ஆனால் பழைய சரக்கு. 96 பக்கப் பலகோணங்களை வைத்து ஆர்க்கிமிடீஸ் பையை 223/71-க்கும் 22/7-க்கும் நடுவில் அடைத்ததே இந்த வழிதான். கணினிக் காலத்தில் ஜப்பானின் தெருவோ சுனாகா 1958-இல் எழுதினார். அமெரிக்காவின் ரமோன் மூர் 1962-இல் ஆய்வேடாகவும் 1966-இல் புத்தகமாகவும் இதைத் துறையாக்கினார். பந்துகளை எப்படி அடுக்கினால் இடம் குறையும் என்ற 1611-ஆம் ஆண்டுக் கெப்ளரின் ஊகத்துக்கு தாமஸ் ஹேல்ஸ் 1998-இல் அறிவித்த நிரூபணத்திலும், லோரன்ஸின் சமன்பாடுகளைக் கணினியில் வரைந்தால் தெரியும் வண்ணத்துப்பூச்சி வடிவம் (ஈர்ப்பி) உண்மையில் இருக்கிறது என்று வார்விக் டக்கர் காட்டியதிலும் இடைவெளிக் கணக்கு உண்டு.

எதுல ஆரம்பிக்கலாம்? ஆயிரம் இலக்கம் வேணும்னாலும் கிடைக்குமா?

பழக, பைத்தானில் எம்பிமேத் நூலகத்தின் இடைவெளிப் பகுதி அல்லது ஜூலியா மொழியின் இடைவெளித் தொகுப்பு. மாட்லாப் என்ற கணித மென்பொருள் இருந்தால் ரும்ப் எழுதிய இன்ட்லாப். ஆயிரம் இலக்கம் வேண்டுமென்றால் ஃப்ரெட்ரிக் யோஹான்சனின் ஆர்ப்; இப்போது அது ஃப்ளின்ட் நூலகத்துக்குள் இருக்கிறது. இரண்டு முனைக்குப் பதில் நடுப்புள்ளியும் ஆரமும் வைத்துக் கணக்கிடும். தொகையீட்டில் உயர்வகைக்கெழுக்களைத் தேடாமல், துண்டைச் சுற்றிக் கலப்பெண் தளத்தில் ஒரு நீள்வட்டம் போட்டு, அதன்மேல் சார்பு எவ்வளவு பெரிதாகும் என்பதிலிருந்து பிழையைக் கட்டும். சார்பு அந்த நீள்வட்டத்துக்குள் ஒழுங்காக இருந்தால் மட்டும்.

சரி மிஸ், நிரல்லயே பிழை இருந்தா இந்த உத்தரவாதம் எல்லாம் என்ன ஆகும்?

காற்றில் போகும். நூலகத்தை எழுதியவர் தவறலாம், தொகுப்பி தவறலாம். இதற்கும் ஒரு படி மேலே போய், காக் (இப்போதைய பெயர் ராக்) போன்ற நிரூபணச் சரிபார்ப்பு மென்பொருளுக்குள்ளேயே இடைவெளித் தொகையீட்டைக் கட்டியிருக்கிறார்கள். அங்கே ஒவ்வொரு அடியும் தர்க்கமாகச் சரிபார்க்கப்படும். வேகம் குறைவு.

நம்மிடம் நடக்கும் தவறு பெரும்பாலும் அவ்வளவு உயரத்தில் இருக்காது. எம்பிமேத்தில் இடைவெளியை உருவாக்கும்போது நான் 0.1 என்று வெறுமனே தட்டியிருந்தேன். இடைவெளி நூலகம் கையில் வாங்குவதற்கு முன்பே பைத்தான் அதை வெட்டிச் சுருக்கிவிட்டது. அதனால் பத்தில் ஒன்று என்ற உண்மையான எண் என் இடைவெளிக்குள் இல்லவே இல்லை. அடுத்த இரண்டு பக்கக் கணக்கும் வேறொரு எண்ணுக்கான அப்பழுக்கற்ற நிரூபணம். மேற்கோள்குறிக்குள் '0.1' என்று எழுத்துச்சரமாகக் கொடுத்திருக்க வேண்டும். அப்போது நூலகம் அதைத் தானே படித்து இருபுறமும் விரித்துக்கொள்ளும். கண்டுபிடித்தது நான் அல்ல, கடைசி பெஞ்சுப் பையன்.